ஒரு புட்டி பீரும் பெயருக்கான வாடகையும்

கிழிந்த செந்நிறச் சீருடை, ஒரு கையில் பிரிட்டிஷ் கொடி, மறு கையில் உருவிய வாள், சதையற்ற மண்டையோட்டு முகம். 'ட்ரூப்பர்' என்னும் பீர் புட்டியின் மீது ஒட்டப்பட்டுள்ள படம் இது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற ராக் இசைக்குழுவான 'அயர்ன் மெய்டன்' தன் பெயரை முன்னிறுத்தி 2013ஆம் ஆண்டு முதல் விற்றுவரும் பீர் அது. அக்குழுவின் ரசிகர்கள் உலகெங்கும் பரவியிருக்கிறார்கள். ஆகவே பீரும் பல நாடுகளுக்குச் செல்கிறது. ரசிகர்கள் கூடிப் பேசும்போது, இசையைப் பற்றிய பேச்சுக்கு நடுவே ஒரு கேள்வி எழுகிறது: "இங்கிலாந்தில் மலிவாகக் கிடைக்கும் இந்தப் புட்டி, எங்கள் நாட்டில் மட்டும் ஏன் இவ்வளவு விலை?" ஒவ்வொருவரும் தத்தம் நாட்டு விலையைச் சொல்கிறார்கள், ஒப்பிடுகிறார்கள், பெருமூச்சு விடுகிறார்கள். இறுதியில் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான்: "எல்லாம் அரசாங்கத்தின் வரிக் கொள்ளை."

விலைவாசியும் வேலையின்மையும் மக்களை வாட்டும் காலத்தில், தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்கு எதிராக நாம் களத்தில் நிற்கும் வேளையில், ஒரு ராக் குழுவின் பீரைப் பற்றிக் கட்டுரை எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். குடியை ஊக்குவிப்பது நம் நோக்கமன்று. ஆனால் மார்க்ஸ் தமது 'மூலதனம்' நூலைத் தனியொரு பண்டத்தின் பகுப்பாய்விலிருந்தே தொடங்கினார். லினன் துணியையும் மேற்சட்டையையும் எடுத்துக்கொண்டு, அவற்றுக்குள் மறைந்துகிடக்கும் மனித உறவுகளை வெளிக்கொணர்ந்தார். ரசிகர்கள் கேட்கும் கேள்வியும் அத்தகைய ஆய்வுக்கு உரியதே. கேள்வி சரியானது. ஆனால் அவர்கள் சொல்லிக்கொள்ளும் பதில் பாதிதான்.

ஸ்டாக்போர்ட்டிலிருந்து புறப்பட்ட புட்டி

ட்ரூப்பர் பீரை வடிப்பது ராபின்சன்ஸ் என்னும் குடும்ப நிறுவனம். மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஸ்டாக்போர்ட் நகரில், 1838இல் வாங்கப்பட்ட ஒரு சத்திரத்திலிருந்து தொடங்குகிறது அதன் வரலாறு. அடுத்த சில ஆண்டுகளில் இளைஞர் எங்கெல்ஸ் இப்பகுதியின் தொழிலாளர் குடியிருப்புகளைச் சுற்றிப் பார்த்தார். 1845இல் வெளியான 'இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை' நூலில், புகை மண்டிய பஞ்சாலை நகரங்களுள் ஒன்றாக ஸ்டாக்போர்ட்டையும், அங்கே தொழிலாளர் அடைந்துகிடந்த நிலவறை வீடுகளையும் அவர் பதிவு செய்தார். தொழிலாளி ஏன் குடிக்கிறான் என்பதையும் அதே நூலில் ஆராய்ந்தார். குடியை அவர் போற்றவில்லை. ஆனால் மனிதனை வெறும் உழைப்புக் கருவியாகச் சுருக்கிய சமூகம், அவன் குடிக்கிறான் என்று ஒழுக்க உபதேசம் செய்ய அருகதையற்றது என்பதே அவரது வாதத்தின் சாரம்.

புட்டிக்குள் இருப்பதைப் பார்ப்போம். மால்ட் செய்யப்பட்ட பார்லி, ஈஸ்ட், நீர் ஆகியவற்றுடன் மூன்று வகை ஹாப் பூக்கள் இதில் சேர்கின்றன. ஸ்லோவேனியாவைச் சேர்ந்த போபெக், இங்கிலாந்தின் கோல்டிங்ஸ், அமெரிக்காவில் உருவான கேஸ்கேட் என்பன அவை. மூன்று மண்ணின் உழவு ஒரு புட்டிக்குள் கலந்திருக்கிறது. கென்ட் மாவட்டத்தின் ஹாப் தோட்டங்களுக்கு இதில் தனி வரலாறு உண்டு. இயந்திரங்கள் வருவதற்கு முன், ஒவ்வோர் ஆண்டும் அறுவடைக் காலத்தில், கிழக்கு லண்டனின் ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் குழந்தை குட்டிகளுடன் அங்கே சென்று, குடிசைகளில் தங்கிப் பூப்பறித்துக் கூலி பெற்றுத் திரும்பின. அவர்களுக்கு விடுமுறை என்பதும் அதுதான். அதே கிழக்கு லண்டனின் லெய்ட்டன் பகுதியில்தான், 1975 கிறிஸ்துமஸ் நாளில், ஸ்டீவ் ஹாரிஸ் என்ற இளைஞர் அயர்ன் மெய்டன் குழுவைத் தொடங்கினார்.

ஹெவி மெட்டல் என்னும் இசை வகை செல்வந்தர் மாளிகைகளில் பிறந்ததன்று. அதன் முன்னோடியான 'பிளாக் சபாத்' குழு பர்மிங்காமின் ஆலைப் புகையிலிருந்து வந்தது. அதன் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, பதினேழு வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது இரண்டு விரல்களின் நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தவர். வெட்டுண்ட விரல்களுக்குத் தானே உறை செய்து மாட்டிக்கொண்டு, கம்பிகளின் இறுக்கத்தைத் தளர்த்தி அவர் வாசித்ததும் அந்த இசையின் கனத்த ஒலிக்கு ஒரு காரணமாயிற்று. ஆலை இரைச்சலுக்குள் வளர்ந்த பிள்ளைகள் அந்த இரைச்சலையே தங்கள் மொழியாக்கிக்கொண்டார்கள். இதை வெறும் மேற்கத்தியச் சீரழிவு என்று ஒதுக்குவது நம் கண்ணை நாமே கட்டிக்கொள்வதாகும்.

படத்தில் இருக்கும் சிப்பாய் யார்?

பீரின் பெயர் 1983இல் வெளியான அக்குழுவின் 'தி ட்ரூப்பர்' என்ற பாடலிலிருந்து வந்தது. கிரிமியப் போரில், 1854 அக்டோபர் 25 அன்று பாலக்லாவாவில் நடந்த குதிரைப்படைத் தாக்குதலில் மடியும் ஒரு சிப்பாயின் குரல் அப்பாடல். தளபதி ராக்லனின் கட்டளை தெளிவற்றதாக இருந்தது. அது கைமாறி வந்தபோது மேலும் திரிந்தது. விளைவாக, சுமார் 670 குதிரை வீரர்கள் ரஷ்யப் பீரங்கிகளின் வாய்க்கு நேராகச் செலுத்தப்பட்டார்கள். சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அப்படைக்குத் தலைமை தாங்கிய கார்டிகன் பிரபு, தமது படைப்பிரிவின் தலைமைப் பதவியைப் பணம் கொடுத்து வாங்கியவர். போர் நடந்த நாட்களிலும் பாலக்லாவா துறைமுகத்தில் நின்ற தமது சொந்தப் படகில் வசித்தவர். பதவியை விலைக்கு விற்கும் அந்த முறை 1871இல்தான் பிரிட்டிஷ் இராணுவத்தில் ஒழிக்கப்பட்டது. அன்றைய போரை மார்க்சும் எங்கெல்சும் நியூயார்க் நாளேட்டில் தொடர்ந்து விமர்சித்து எழுதிவந்தார்கள்.

1890இல், அத்தாக்குதலில் உயிர் பிழைத்தவர்கள் பலர் வறுமையில் வாடுகிறார்கள் என்ற செய்தி இங்கிலாந்தை உலுக்கியது. அவர்களுக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. அவர்களது வீரத்தைப் பள்ளிப் பிள்ளைகள் பாட்டாய்ப் பாடிக்கொண்டிருந்த அதே காலத்தில், அந்த வீரர்கள் ஏழைகளாய்க் கிடந்தார்கள். உயிரோடிருந்தபோது சோற்றுக்கு வழியில்லாத சிப்பாயின் உருவம் இன்று புட்டியின் மீது ஏறி வணிக முத்திரையாகி நிற்கிறது. முதலாளித்துவம் எதையும் வீணாக்குவதில்லை. துயரத்தையும் அது முத்திரையாக்கிவிடும்.

விலையைப் பிரித்துப் பார்ப்போம்

இனி ரசிகர்களின் கேள்விக்கு வருவோம். ட்ரூப்பரின் வழக்கமான புட்டி 500 மில்லி லிட்டர், சாராயச் சத்து 4.7 விழுக்காடு. அதாவது ஒரு புட்டியில் 23.5 மில்லி லிட்டர் தூய சாராயம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த வரி முறைப்படி, இந்த வகைப் பீரின் ஒவ்வொரு லிட்டர் தூய சாராயத்துக்கும் அப்போது 21 பவுண்டு 1 பென்னி தீர்வை விதிக்கப்பட்டது. ஆகவே ஒரு புட்டிக்குச் சுமார் 49 பென்ஸ். கணக்குக்காகப் புட்டியின் கடை விலை 2 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியாகச் சுமார் 33 பென்ஸ் அடங்கியிருக்கும். ஆக, அரசுக்குச் செல்வது 82 பென்ஸ் அளவு. மீதி 1 பவுண்டு 18 பென்ஸ் பிறருக்கு.

அந்த மீதியில்தான் அனைத்தும் அடங்க வேண்டும். பார்லி விளைவித்த உழவர், ஹாப் தோட்டத்துக் கூலித் தொழிலாளர், வடிப்பாலையின் கொப்பரையருகே நிற்பவர், கண்ணாடிப் புட்டி செய்பவர், லாரி ஓட்டுநர், பேரங்காடியில் பெட்டியைத் தூக்கி அடுக்கும் இளைஞர் ஆகிய இத்தனை பேரின் கூலியும் அதில் இருக்கிறது. வடிப்பாலையின் லாபமும், பேரங்காடியின் லாபமும், இசைக்குழுவின் பெயரைப் பயன்படுத்துவதற்கான பங்கும் அதிலேயே இருக்கின்றன. புட்டியின் பின்பக்கத்தில் சாராயச் சத்து எத்தனை விழுக்காடு என்று அச்சிட்டிருக்கிறார்கள். வரி விகிதத்தை அரசின் அறிவிப்பில் எவரும் படிக்கலாம். ஆனால் கூலி எவ்வளவு, லாபம் எவ்வளவு, பெயருக்கான வாடகை எவ்வளவு என்பதைப் புட்டி சொல்வதில்லை. கண்ணுக்குத் தெரிவது வரி மட்டுமே. ஆகவே கோபமும் வரியின் மீதே பாய்கிறது. மார்க்ஸ் சுட்டிக்காட்டிய பண்ட மாயை இதுதான்: மனிதர்களுக்கு இடையிலான உறவு பொருள்களுக்கு இடையிலான உறவாகத் தோன்றுகிறது. எவர் எதைப் பெறுகிறார் என்ற கேள்வி, ஒரு விலைச்சீட்டின் பின்னே மறைந்துவிடுகிறது.

பெயருக்கு ஏன் வாடகை?

நல்ல பீரை வடிக்கத் தெரிந்த ஒரு பழைய நிறுவனத்துக்கு ராக் குழுவின் பெயர் எதற்குத் தேவைப்பட்டது? அயர்ன் மெய்டனின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் பீரின் சுவையில் மெய்யான ஈடுபாடு கொண்டவர், தயாரிப்பாளர்களோடு அமர்ந்து இதை உருவாக்கியவர் என்பது உண்மையே. ஆனால் தனிமனித ஆர்வம் மட்டும் ஒரு வணிகப் போக்கை விளக்காது. அதே ராபின்சன்ஸ் நிறுவனம் 2011இலேயே 'எல்போ' என்ற இசைக்குழுவுடன் சேர்ந்து ஒரு பீரை வெளியிட்டிருந்தது. அமெரிக்காவின் 'மெட்டாலிகா' குழு 2018இல் தன் விஸ்கியையும் 2019இல் தன் பீரையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. இது ஒரு குழுவின் விளையாட்டு அன்று, ஒரு தொழில்துறையின் திசை.

இதற்கு இரு பக்கக் காரணங்கள் உண்டு. முதலாவது பீர்ச் சந்தையின் ஏகபோகம். 2016இல் ஏபி இன்பெவ் நிறுவனம் தன் பெரும் போட்டியாளரான சாப்மில்லரை 10,000 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து விழுங்கியது. உலகின் பீர் விற்பனையில் பெரும்பகுதி ஒருசில நிறுவனங்களின் கைக்குள் அடங்கிவிட்ட நிலையில், ஸ்டாக்போர்ட்டின் குடும்ப நிறுவனம் தன் சொந்தப் பெயரோடு எல்லை தாண்டுவது எளிதன்று. விளம்பரத்துக்கும் விநியோகத்துக்கும் பேரங்காடியின் அலமாரியில் ஒரு முழ இடத்துக்கும் கூடப் பெரும் பணம் வேண்டும். அந்தப் பணம் இல்லாதவர், உலகம் ஏற்கெனவே அறிந்த ஒரு பெயரை வாடகைக்கு எடுக்கிறார். அதனால் அவ்வூரில் சிலரது வேலையும் நிலைத்திருக்கிறது என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, இசைத் தொழிலில் நேர்ந்த மாற்றம். இசைத்தட்டு விற்பனை சரிந்து, பாட்டு என்பது மாதச் சந்தாவுக்குக் கிடைக்கும் பொருளாகிவிட்டது. ஒருமுறை கேட்பதற்குக் கலைஞருக்குக் கிடைப்பது மிகச் சிறு காசு. ஆகவே மேடை நிகழ்ச்சியும், சட்டையும், பொம்மையும், இப்போது பீரும் வருவாய்க்கு வழிகளாகின்றன. இதிலும் வெல்பவர்கள் ஏற்கெனவே வென்றவர்களே. 2008இல் தமது பாடகரே ஓட்டிய தனி விமானத்தில் மும்பைக்கு வந்திறங்கிய அயர்ன் மெய்டனுக்குப் பெயரை வாடகைக்கு விட முடியும். சிற்றூரில் ஒத்திகைக்கு இடமின்றித் தவிக்கும் இளைஞர் குழுவுக்கு வாடகைக்கு விட எந்தப் பெயரும் இல்லை.

அந்தப் பெயருக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து நுழைவுச்சீட்டு வாங்கிய, நண்பர்களுக்குப் பாட்டைப் பதிவு செய்து கொடுத்த, சட்டையில் அந்தப் படத்தை அணிந்து தெருவில் நடந்த இலட்சக்கணக்கான ரசிகர்களின் அன்பிலிருந்தும் வந்தது. நிலத்தின் மதிப்பு ஊர் வளர வளர உயர்கிறது, உயர்வின் பலனை நிலவுடைமையாளர் வாடகையாக எடுத்துக்கொள்கிறார். பெயரும் அப்படித்தான். இசைஞர்களின் உழைப்பையும் திறமையையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அப்பெயரைச் சுற்றி ஊரைக் கட்டியவர்கள் ரசிகர்கள். இன்று புட்டியின் விலை குறித்து முணுமுணுக்கும் ரசிகர், தாமே கட்டிய ஊரில் தாமே வாடகை செலுத்துகிறார்.

எல்லை தாண்டினால் என்ன ஆகிறது?

வெளிநாட்டு விலைக்கு வருவோம். ஸ்வீடனில் 3.5 விழுக்காட்டுக்கு மேல் சாராயச் சத்துள்ள பீரைச் சில்லறையில் பெரும்பாலும் 'சிஸ்டம்போலாகெட்' என்ற அரசு நிறுவனத்தின் கடைகளில்தான் வாங்க முடியும். சத்தின் அளவுக்கேற்ற தீர்வை, அதற்கு மேல் 25 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி என விலை ஏறுகிறது. நார்வேயில் 4.7 விழுக்காடு வரையிலான பீர் மளிகைக் கடைகளில் கிடைக்கும். அதற்கு மேற்பட்டவற்றுக்கு அரசின் 'வின்மோனோபோலெட்' கடைதான். ட்ரூப்பர் அந்த எல்லைக்கோட்டின் மீதே நிற்கிறது. இந்நாடுகளின் ரசிகர்கள்தான் விலையைச் சொல்லி அதிகம் புலம்புகிறார்கள் என்பதில் வியப்பில்லை.

ஆனால் அந்த உயர்ந்த விலைக்கு ஒரு வரலாறு உண்டு. ஸ்வீடனில் குடியெதிர்ப்பு இயக்கமும் தொழிலாளர் இயக்கமும் ஒன்றோடொன்று பின்னி வளர்ந்தவை. கூலிநாளில் மதுக்கடையில் பணத்தை இழந்த தொழிலாளியால் வேலைநிறுத்த நிதிக்குக் காசு தர முடியாது என்பதை அங்குள்ள முன்னோடிகள் அனுபவத்தில் கண்டார்கள். 1922இல் முழு மதுவிலக்கு பற்றி நாடு தழுவிய வாக்கெடுப்பு நடந்து, மிகக் குறைந்த வித்தியாசத்தில் அது தோற்றது. தனியார் லாபத்தை மது விற்பனையிலிருந்து அகற்றுவது என்ற கருத்து நிலைத்தது. 1955 முதல் இன்றைய நாடு தழுவிய அரசு நிறுவனம் இயங்குகிறது. அக்கடைகளில் தள்ளுபடி கிடையாது, இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் கிடையாது, எந்த நிறுவனத்தின் சரக்குக்கும் தனிச் சலுகை கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கடையும் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையற்ற சந்தை விதிகளுக்கு இது முரணானது என்று தொடுக்கப்பட்ட வழக்கில், 1997இல் ஐரோப்பிய நீதிமன்றம் இந்தச் சில்லறை ஏகபோகம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

வரியைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பின்லாந்தின் அனுபவம் நம்முன் இருக்கிறது. 2004இல் எஸ்தோனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. கடல் கடந்து சென்று அங்கே மலிவான மதுவை வாங்கி வருவார்கள் என்று அஞ்சி, பின்லாந்து அரசு அவ்வாண்டு மார்ச்சில் மது வரியைச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. தொடர்ந்து வந்த காலத்தில் மது தொடர்பான மரணங்கள் கூடின. அதிலும் வேலையற்றோரையும் வசதி குறைந்தோரையுமே அது கடுமையாகத் தாக்கியது. விலை குறைந்த மகிழ்ச்சி எல்லோருக்கும் பொதுவாகக் கிடைத்தது, சாவு மட்டும் வர்க்கம் பார்த்து வந்தது.

ஸ்காட்லாந்து வேறொரு பாடத்தைத் தருகிறது. அங்கே 2018 மே மாதம் முதல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை சட்டத்தால் நிர்ணயிக்கப்பட்டது. 2024 செப்டம்பர் இறுதியில் அது 10 மில்லி லிட்டர் தூய சாராயத்துக்கு 65 பென்ஸாக உயர்த்தப்பட்டது. அந்தக் கணக்கில் ட்ரூப்பர் புட்டியை 1 பவுண்டு 53 பென்ஸுக்குக் குறைத்து விற்க முடியாது. மலிவுச் சரக்கைக் கட்டுப்படுத்தும் நோக்கம் நல்லதே. ஆனால் இது வரி அன்று. விலையேற்றத்தால் வரும் கூடுதல் பணத்தின் பெரும்பகுதி மருத்துவமனைக்கன்றி விற்பவரின் கல்லாவுக்கே செல்கிறது. விலை உயர்ந்ததா என்று கேட்டால் மட்டும் போதாது, உயர்ந்த பகுதி யாருக்குப் போகிறது என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நம் நாட்டில்

இந்தியாவுக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. 2007 மார்ச் 17 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் பாடியபோது, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் இளைஞர்கள் இரயிலேறிப் போய்ச் சேர்ந்தார்கள். நம் தோழர்களின் பிள்ளைகளும் அவர்களுள் இருந்திருக்கக்கூடும். இந்திய ரசிகரும் வெளிநாட்டுப் பீரின் விலையைப் பார்த்துச் சுங்கவரியைத்தான் திட்டுகிறார். மனித நுகர்வுக்கான மதுவை ஜிஎஸ்டி வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது நம் அரசமைப்புச் சட்டம். மாநிலங்களிடம் எஞ்சியுள்ள சில வரி அதிகாரங்களுள் இதுவும் ஒன்று. ஒன்றிய அரசு நிதியுரிமைகளை ஒவ்வொன்றாகப் பறித்துவரும்போது, மாநிலங்கள் மது வருவாயையே ஊன்றுகோலாக்கிக்கொள்ளும் அவலமும் இதனால் நேர்கிறது. மது விலக்கை நோக்கி முயல வேண்டும் என்று 47ஆம் உறுப்பு சொல்கிறது. கருவூலமோ எதிர்த்திசையில் இழுக்கிறது. 1992இல் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கத்தின் வழியே கூடிய ஏழைப் பெண்கள் சாராய ஏலத்துக்கு எதிராக மூட்டிய போராட்டம், இந்த முரண்பாட்டின் மீது விழுந்த பேரடி.

2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம், ஸ்காட்ச் விஸ்கி, ஜின் ஆகியவற்றின் மீதான 150 விழுக்காட்டு வரியை முதலில் 75 விழுக்காடாகவும், பத்தாண்டுகளில் 40 விழுக்காடாகவும் குறைக்க வழிசெய்கிறது. நுகர்வோருக்கு மலிவு என்று இதற்குப் பெயர் சூட்டுகிறார்கள். ஆனால் வரி குறைந்தால் விலையும் அதே அளவு குறையும் என்று எந்தச் சட்டமும் உறுதி சொல்வதில்லை. சந்தையில் போட்டி எத்தகையது என்பதைப் பொறுத்தது அது. இந்தியப் பீர்ச் சந்தையின் போட்டி எத்தகையது என்பதை 2021 செப்டம்பரில் வெளியான இந்தியப் போட்டி ஆணையத்தின் உத்தரவு காட்டியது. பெரும் பீர் நிறுவனங்கள் 2009 முதல் 2018 வரை தங்களுக்குள் கலந்து பேசிப் பல மாநிலங்களில் விலையை ஒருங்கிணைத்தன என்பது ஆணையத்தின் முடிவு. மொத்த அபராதம் சுமார் 873 கோடி ரூபாய். அதில் யுனைடெட் புரூவரிஸ் நிறுவனத்துக்கு மட்டும் சுமார் 752 கோடி, மீதியில் பெரும்பகுதி கார்ல்ஸ்பெர்க் இந்தியாவுக்கு. உண்மையை முதலில் வந்து ஒப்புக்கொண்ட ஏபி இன்பெவ் நிறுவனத்துக்கு அபராதத்திலிருந்து முழு விலக்கு. தண்டிக்கப்பட்ட நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. நம் நாட்டு ரசிகர் வரியைத் திட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் நடந்தது இது.

இன்னொரு வேடிக்கையையும் இங்கே குறிப்பிட வேண்டும். தொலைக்காட்சியில் மது விளம்பரத்துக்கு இந்தியாவில் தடையுண்டு. ஆகவே மது நிறுவனங்கள் அதே பெயரில் சோடா விற்பதாகவும், இசைத்தட்டு விற்பதாகவும் விளம்பரம் செய்கின்றன. இங்கிலாந்தில் இசையின் பெயர் பீரை விற்கிறது. இங்கே இசைத்தட்டின் பெயரால் சாராயம் விற்கப்படுகிறது. இரு இடத்திலும் இசை வெறும் முகமூடி.

நாம் சொல்ல வேண்டியது

அந்த ரசிகர்களிடம் நாம் என்ன சொல்வது? அவர்களைச் சீரழிந்தவர்கள் என்று ஏசுவதால் பயனில்லை. ஒரு பாடலில் மடியும் சிப்பாய்க்காக உருகும் மனம், ஒரு வேலைநிறுத்தத்தில் நிற்கும் தொழிலாளிக்காகவும் உருகக்கூடிய மனமே. விலையை நாடு நாடாக ஒப்பிடும் பழக்கமும் நல்ல பழக்கம்தான். ஒரே பண்டம் பல நாடுகளில் பல விலைக்கு விற்கப்படுவதைக் கண்டவர், விலை என்பது இயற்கையின் விதியன்று, அது அதிகாரத்தின் ஏற்பாடு என்ற உண்மையின் வாசலில் நிற்கிறார். அந்த வாசலிலிருந்து அவரை உள்ளே அழைத்துச் செல்வது நம் வேலை.

வரி என்பது பொதுப்பணம். அது எவ்வளவு என்பது சட்டமன்றத்தில் பேசப்படுகிறது, அதை மாற்றச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. அது குடிப்பவரின் மருத்துவத்துக்கும் மறுவாழ்வுக்கும் செலவாகிறதா, அல்லது பற்றாக்குறையை மூடவும் மதுக்கடைகளைப் பெருக்கவும் பயன்படுகிறதா என்று கேட்பதே நம் போராட்டம். ஆனால் பெயரின் வாடகையும் கூட்டுச்சதியின் லாபமும் எந்த அவையிலும் விவாதத்துக்கு வருவதில்லை. வரியை மட்டும் குறை என்று கேட்பவர், தம்மையறியாமல் அந்த மறைவான பங்குக்கு இடம் விரித்துக் கொடுக்கிறார். ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். மது வணிகத்திலிருந்து தனியார் லாபம் அகல வேண்டும். அரசு விற்றால் வருவாய் இலக்கின்றி, மக்கள் நலனை அளவுகோலாகக் கொள்ள வேண்டும். கூட்டுச்சதியில் ஈடுபட்ட நிறுவனங்களின் அபராதம் காலதாமதமின்றி வசூலிக்கப்பட வேண்டும். வடிப்பாலைகளில் ஒப்பந்த முறையில் உழைப்பவர்களுக்கு நிரந்தரத் தொழிலாளருக்குரிய கூலியும் சங்க உரிமையும் வேண்டும்.

பண்பாட்டுத் தளத்தில் நமக்கு ஒரு கடமையும் இருக்கிறது. இளைஞர்கள் கூடிப் பாடவும், கருவி வாசிக்கவும், பேசிக் களிக்கவும் மதுக்கடையையும் நிறுவன விளம்பர மேடையையும் தவிர வேறு இடம் நகரங்களில் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. நம் படிப்பகங்களும் கலை இரவுகளும் ஒரு காலத்தில் அந்த இடத்தை நிரப்பின. கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வரும் இளைஞருக்கும் அங்கே இடம் தர வேண்டும். பாலக்லாவாவின் சிப்பாய் எதற்காகச் செத்தான் என்பதைப் புட்டியின் படம் அவருக்குச் சொல்லாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.